பிரவுசரை மாற்றுங்கள், புக்மார்க்கைத் தொலைக்காதீர்கள்

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்குச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை உண்டு. பிரிண்டருக்கு மை நிரப்புவது, விண்டோஸ் போட்டுக் கொடுப்பது, பென்டிரைவில் மாட்டிக்கொண்ட கல்யாண போட்டோவை மீட்டுத் தருவது என்று நாள் ஓடும். இப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழும் வேண்டுகோள் இது: "பிரவுசர் ஒரே இழுவையா இருக்கு மக்கா, வேற ஏதாவது போட்டுத் தா. ஆனா நான் சேத்து வச்சிருக்கது ஒண்ணும் போகப்படாது, கேட்டியா?"

புது பிரவுசர் போடுவது ஐந்து நிமிடம். சேர்த்து வைத்தது போகாமல் பார்ப்பதில்தான் வேலையே இருக்கிறது.

சேர்த்து வைத்தது என்றால் புக்மார்க். அடிக்கடி போகும் பக்கத்தை நட்சத்திரக் குறியைத் தட்டிச் சேமிக்கிறோமே, அதுதான். பக்கமே நம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. வருவது விலாசம் மட்டும்தான். அந்த விலாசங்கள் பிரவுசருக்குள் இருப்பதால், பிரவுசர் போனால் அவையும் கூடவே போகும்.

இதை நான் கற்றுக்கொண்டது குலசேகரத்து மாமாவிடம் திட்டு வாங்கி. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கொஞ்சம் ரப்பர் தோட்டமும் உண்டு. அவருடைய லேப்டாப்பில் 1,400க்கு மேல் புக்மார்க் இருந்தது. மதுரைத் திட்டம் இணையத்தில் இலவசமாகத் தரும் பழந்தமிழ் நூல்கள், ரப்பர் வாரியத்தின் தினசரி விலைப் பக்கம், எப்போதோ படித்த வலைப்பூக்கள் என்று பத்து வருடச் சேகரம். லேப்டாப்பை ஃபார்மேட் செய்தபோது, எல்லாம் கணக்கில் சிங்க் ஆகியிருக்கும், அதாவது இணையத்திலும் ஒரு பிரதி இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மாமா சிங்க் போட்டிருக்கவே இல்லை. "சவத்தத் தள்ளுலே, போனது போச்சு" என்றுதான் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் ஆறு மாதம் லேப்டாப்பை என் கையில் தரவில்லை.

அதனால் என் கடையில் இப்போது ஒரே சட்டம்: முதலில் ஃபைல், அப்புறம்தான் பிரவுசர்.

ஃபைல் எடுப்பது

குரோமில் கன்ட்ரோல், ஷிப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். புக்மார்க் மேனேஜர் திறக்கும். அதன் வலது மேல் மூலையில் மூன்று புள்ளி இருக்கும். பிரவுசருக்கே ஒரு மூன்று புள்ளி உண்டு, அது இதற்கும் மேலே. பலர் அதைத் தட்டிவிட்டுத் தேடிக்கொண்டிருப்பார்கள். கீழே இருப்பதைத் தட்டி 'எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ்' கொடுத்தால் ஒரு எச்டிஎம்எல் ஃபைல் கிடைக்கும். எட்ஜிலும் அதே மூன்று விசைதான். அங்கே புக்மார்க்குக்குப் பெயர் 'ஃபேவரிட்ஸ்', அவ்வளவுதான் வித்தியாசம்.

ஃபைலை டெஸ்க்டாப்பில் மட்டும் போட்டு வைக்காதீர்கள். ஒரு பிரதி பென்டிரைவில், இன்னொன்று உங்களுக்கே ஒரு மெயிலாக. ஆயிரம் புக்மார்க் இருந்தாலும் ஒரு போட்டோ அளவுகூட இடம் பிடிக்காது. இதில் பாஸ்வேர்டு எதுவும் இருக்காது என்பதால் மெயிலில் அனுப்பப் பயப்பட வேண்டாம்.

இங்கே ஒரு பொறி உண்டு. தக்கலையில் ஆதாரம், அதாவது பத்திரம், எழுதும் ஒரு அண்ணன் ஃபைலை வீட்டிலேயே எடுத்து வந்தார். திறந்தால் மொத்தம் 11 புக்மார்க். அதில் நான்கு சமையல் குறிப்பு. "எனக்கு முந்நூறாவது இருக்கும் தம்பி" என்று அண்ணன் அலறிவிட்டார். பார்த்தால், அவர் பிரவுசரில் இரண்டு புரொஃபைல், ஒன்று அவருடையது, ஒன்று மதினியுடையது. எக்ஸ்போர்ட் ஆவது அப்போது திறந்திருக்கும் புரொஃபைலில் உள்ளது மட்டும்தான். மேலே வட்டமாக ஒரு படமோ எழுத்தோ தெரியும். அதைத் தட்டிப் பார்த்து, எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனைக்கும் தனித்தனியாக ஃபைல் எடுங்கள்.

எடுத்த ஃபைலை உடனே திறந்து பாருங்கள். இரட்டைச் சொடுக்கு கொடுத்தால் பிரவுசரிலேயே நீளமான ஒரு பட்டியலாகத் திறக்கும். கன்ட்ரோல் எஃப் அமுக்கி, கட்டாயம் இருக்க வேண்டிய இரண்டு மூன்று பெயரைத் தேடுங்கள். இருந்தால் சரி.

இந்த ஃபைலின் முதல் வரியில் நெட்ஸ்கேப் என்ற பெயர் இருக்கும். 1990களில் கொடிகட்டிப் பறந்த அந்த பிரவுசருக்கு 2008 மார்ச்சோடு ஆதரவு நின்றுவிட்டது. ஆனால் புக்மார்க் எழுத அது வகுத்த முறையைத்தான் குரோமும் பயர்பாக்ஸும் எட்ஜும் இன்றுவரை பயன்படுத்துகின்றன. எந்த பிரவுசரில் எடுத்த ஃபைலும் எந்த பிரவுசரிலும் போய் உட்காருவது அதனால்தான்.

நோட்பேடில் திறந்து கைவைக்க மட்டும் வேண்டாம். ஒருமுறை வேண்டாத வரிகளை அழிக்கலாம் என்று திறந்தேன். பழைய விண்டோஸ். சேமிக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில், தமிழ் எழுத்துக்கு இடமில்லாத பழைய குறியீடான ஆன்சி என்று மாறிக் கிடந்ததைக் கவனிக்கவில்லை. ஏதோ எச்சரிக்கை வந்தது, ஓகே கொடுத்துவிட்டேன். தமிழ்ப் பெயர் எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி ஆகிவிட்டது. திருத்த வேண்டியதை எல்லாம் புது பிரவுசருக்குள் போன பிறகு திருத்திக்கொள்ளலாம்.

எந்த பிரவுசர்?

கையில் ஃபைல் வந்துவிட்டது. இனி பிரவுசரைத் தேர்ந்தெடுக்கலாம். பெயர் பல இருந்தாலும் பக்கத்தைத் திரையில் காட்ட உள்ளே ஓடும் எஞ்சின் சிலதான். 2008இல் வந்த குரோமின் அடித்தளம் குரோமியம் என்ற திறந்த மூலத் திட்டம். பிரேவ், விவால்டி, ஓபரா எல்லாம் அதன்மேல் கட்டியவை. எட்ஜும் 2020 ஜனவரியில் அதற்கு மாறிவிட்டது. பயர்பாக்ஸ் மட்டும் கெக்கோ என்ற சொந்த எஞ்சினில் ஓடுகிறது.

பழகிய முகமே வேண்டும், விளம்பரம் மட்டும் தொல்லை தரக்கூடாது என்பவர்களுக்கு நான் பிரேவ் போட்டுக் கொடுக்கிறேன். ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கிய பிரெண்டன் ஐக் தொடங்கியது அது. ஒரே நேரத்தில் நாற்பது டேப் திறந்து வைக்கிற ஆள் என்றால் விவால்டி. டேப்களை அடுக்குவதற்கும் பிரிப்பதற்கும் அதில் இருக்கிற வசதி வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் முதல் நாள் மெனுக்களைப் பார்த்தால் தலை சுற்றும்.

மற்ற எல்லாருக்கும் என் தேர்வு பயர்பாக்ஸ். முதல் காரணம் யூபிளாக் ஆரிஜின், விளம்பரங்களைத் தடுக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் துணை நிரல். எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதும் குரோம் அதன் முழு வடிவத்தைக் கைவிட்டுவிட்டது. பயர்பாக்ஸில் முழுதாகவே ஓடுகிறது, ஆண்ட்ராய்டு போனிலும் போடலாம். டவுன்லோடு என்று பச்சையாகத் தெரியும் எந்தப் பொத்தானையும் தட்டிவிடுகிற மாமாவுக்கு இது ஒன்றே போதும். இன்னொரு காரணம் பழைய கம்ப்யூட்டர்கள். விண்டோஸ் 7க்கு குரோம் 109தான் கடைசிப் பதிப்பு, 2023 ஜனவரியில் வந்தது. பயர்பாக்ஸோ 115 என்ற நீண்டகாலப் பதிப்பு வழியாக அதற்குப் பிறகும் பாதுகாப்புத் திருத்தங்களைக் கொடுத்தது. விண்டோஸ் 7ஐ இன்னும் வைத்திருப்பது நல்லதில்லைதான். ஆனால் கடைக்கு வருகிற சிபியுக்களைப் பார்த்தால் நான் சொல்லி யார் கேட்டார்கள் என்று தெரியும்.

இனி பயர்பாக்ஸை வைத்தே சொல்கிறேன். மெனுப் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் நகரும். ஒரே இடத்தில் இல்லாவிட்டால் பக்கத்தில் பாருங்கள்.

பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வருவது சில நேரம் விளம்பரமாக இருக்கும். அதைத் தட்டி இறக்கி, கூடவே மூன்று வேண்டாத மென்பொருளையும் கொண்டு வந்தவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

உள்ளே கொண்டுபோவது

முதல்முறை திறக்கும்போதே பழைய பிரவுசரிலிருந்து எடுத்துக்கொள்ளவா என்று பயர்பாக்ஸ் கேட்கும். ஒரே கம்ப்யூட்டரில் மாறுகிறீர்கள் என்றால் அந்த வழி சுலபம். பழைய பிரவுசரை முழுதாக மூடிவிட்டு ஆம் என்று சொல்லுங்கள். புக்மார்க்கோடு ஹிஸ்டரியும் வந்துவிடும். அப்போது தவற விட்டிருந்தால் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் 'இம்போர்ட் டேட்டா' என்று அதே வசதி இருக்கிறது.

கம்ப்யூட்டரே வேறு, அல்லது பல புரொஃபைல் என்றால் ஃபைல் வழிதான். இங்கேயும் கன்ட்ரோல், ஷிப்ட், ஓ. லைப்ரரி என்று ஒரு ஜன்னல் திறக்கும். அதன் மேல் வரிசையில் 'இம்போர்ட் அண்ட் பேக்கப்'. அதற்குள் 'இம்போர்ட் புக்மார்க்ஸ் ஃப்ரம் எச்டிஎம்எல்'. ஃபைலைக் காட்டுங்கள், முடிந்தது.

அதே மெனுவில் 'ரீஸ்டோர்' என்றும் ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்தால் அதுவும் இதே வேலைதான் செய்யும் போலத் தெரியும். அது வேறு. ஏற்கெனவே இருக்கிற புக்மார்க் முழுவதையும் எடுத்துவிட்டு, பழைய பேக்கப்பில் இருந்ததை அந்த இடத்தில் வைத்துவிடும். இம்போர்ட் சேர்க்கும், ரீஸ்டோர் மாற்றும். இந்த ஒரு வரியைத் துண்டுச்சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டினாலும் தப்பில்லை. தெரியாமல் தட்டிவிட்டால் பதற வேண்டாம். பயர்பாக்ஸ் தானாகவே அவ்வப்போது பேக்கப் எடுத்து வைக்கும், அதே ரீஸ்டோருக்குள் தேதி வாரியாகப் பட்டியல் இருக்கும்.

விவால்டியில் ஃபைல் மெனுவுக்குள் இம்போர்ட் இருக்கும். பிரேவில் செட்டிங்ஸில் 'கெட் ஸ்டார்டட்' பகுதி.

வந்ததா, எங்கே?

இம்போர்ட் முடிந்ததும் பாதிப் பேர் எனக்கு போன் செய்வது இந்த இடத்தில்தான். "ஒண்ணையும் காணோம்." மேலே பட்டையில் காணோம், அதனால் எங்கேயும் இல்லை என்று முடிவு. ஃபைல் வழியாக வந்தவை பெரும்பாலும் 'புக்மார்க்ஸ் மெனு' என்ற ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். குரோமில் பட்டையில் இருந்தவை அதற்குள்ளேயே ஒரு துணை ஃபோல்டராகக் கிடக்கும். லைப்ரரி ஜன்னலில் அதைத் திறந்து, வேண்டியதை 'புக்மார்க்ஸ் டூல்பார்' மேல் இழுத்துப் போடுங்கள். பட்டையே தெரியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிப்ட், பி.

எல்லாம் இரட்டை இரட்டையாகத் தெரிகிறதா? இரண்டு தடவை இம்போர்ட் செய்திருப்பீர்கள். முதல்முறை எங்கே போயிற்று என்று தெரியாமல் மறுபடி தட்டுவது எல்லாரும் செய்வதுதான். ஒரு ஃபோல்டரை அப்படியே அழித்துவிடுங்கள், ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டாம்.

பெயர் வைப்பது

பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்த விடுவதில்லை, ஒரு சாயாவையாவது வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிடுவேன்.

மாமா மறுபடி சேர்த்து வைத்ததில் ரப்பர் விலைப் பக்கம் 'ஹோம்' என்ற பெயரில் இருந்தது. அதே பெயரில் இன்னும் பதினாறு. பக்கத்துக்கு அதன் உரிமையாளர் என்ன தலைப்பு வைத்தாரோ அதுவே புக்மார்க்கின் பெயராக விழும். பெரும்பாலும் 'ஹோம்', 'வெல்கம்' என்றுதான் இருக்கும். வலது சொடுக்கில் எடிட் கொடுத்து, நாம் வாயால் சொல்கிற பெயரை வையுங்கள். 'ரப்பர் விலை கோட்டயம்' என்று மாற்றினோம். இப்போது மாமா முகவரிப் பட்டையில் 'ரப்பர்' என்று தட்டினால் முதலில் அது வந்து நிற்கிறது. ஆர்எஸ்எஸ் 4 ரக ரப்பர் ஷீட்டின் விலையைப் பார்க்க ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இறங்கிக்கொண்டிருந்தவர், இப்போது மூன்று எழுத்து அடித்து முடித்துவிடுகிறார்.

முகவரிப் பட்டையில் முதலில் ஒரு நட்சத்திரக் குறி, அதாவது எட்டாம் எண்ணுக்கு மேல் இருப்பது, பிறகு ஒரு இடைவெளி, பிறகு சொல். இப்படி அடித்தால் பயர்பாக்ஸ் புக்மார்க்குக்குள் மட்டும் தேடும். ஹிஸ்டரியில் கிடக்கும் குப்பை இடையில் வராது.

தக்கலை அண்ணனுக்கு வேறு சிக்கல். எங்கள் பக்கம் பத்திரத்தை ஆதாரம் என்றுதான் சொல்வது வழக்கம், திருவிதாங்கூரோடு இருந்த காலத்துச் சொல். ஆதார் அட்டை வந்ததிலிருந்து தினமும் ஒரு குழப்பம். அவர் பதிவுத்துறைப் பக்கத்துக்கு 'ஆதாரம்' என்று பெயர் வைத்திருந்தார், அட்டைப் பக்கத்துக்கு 'ஆதார்'. 'ஆதார' என்று அடித்தால் இரண்டும் வந்து நிற்கும், கை தவறி மற்றதைத் தட்டுவார். இப்போது 'வில்லங்கம்', 'வழிகாட்டி மதிப்பு', 'பட்டா', 'கார்டு' என்று பிரித்துவிட்டோம். எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956க்கு முந்தைய ஆவணங்கள் மலையாளத்தில் வரும்போது பார்க்க ஒரு அகராதிப் பக்கமும் உண்டு. அதற்கு 'அகராதி மலையாளம்'. தமிழில் பெயர் வைத்தால் தமிழில் தேடலாம், வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஃபோல்டர் விஷயத்தில் என் எண்ணம் கொஞ்சம் மாறுபடும். அழகாக இருபது ஃபோல்டர் போட்டுப் பிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒரு மாதத்தில் எது எங்கே என்று அவர்களுக்கே மறந்துவிடும். நான்கு ஐந்து போதும். மீதிக்குப் பெயர் இருக்கிறது, தேடல் இருக்கிறது.

பழைய புக்மார்க்கில் சில திறக்கவே செய்யாது. இலவசமாக வலைப்பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸின் முகவரியில் ஏதாவது வைத்திருந்தால் அது 2009இலேயே மூடிவிட்டது. அழிக்குமுன் அந்த முகவரியை பழைய பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள். மாமாவுக்குப் பிடித்த இரண்டு வலைப்பூவை அப்படித்தான் எடுத்தோம். சில பக்கங்கள் திறக்கும், ஆனால் எழுத்து எல்லாம் கொக்கி கொக்கியாகத் தெரியும். அது இப்போது எல்லாரும் பயன்படுத்தும் யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி போன்ற தமிழ் எழுத்துக் குறியீடு. புது பிரவுசரின் குற்றம் இல்லை, பழையதிலும் அப்படித்தான் தெரியும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் ஆரம்ப கால நூல்கள் டிஸ்கியில் வந்தவை; பிறகு யூனிகோடிலும் போட்டிருக்கிறார்கள். அந்த வடிவத்தைத் தேடி எடுத்து புக்மார்க்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

பாஸ்வேர்டு, போன், பழைய பிரவுசர்

பாஸ்வேர்டு புக்மார்க்கோடு வராது. குரோமின் பாஸ்வேர்ட் மேனேஜரிலிருந்து சிஎஸ்வி என்ற அட்டவணை ஃபைலாக எடுத்து, பயர்பாக்ஸின் பாஸ்வேர்ட்ஸ் பக்கத்தில் மூன்று புள்ளிக்குள் இம்போர்ட் செய்யலாம். ஆனால் அந்த ஃபைலில் எல்லாம் அப்பட்டமாக, யார் திறந்தாலும் படிக்கும்படி இருக்கும். மெயிலில் அனுப்பாதீர்கள். என்னைப் போன்ற கடையில் வைத்துச் செய்யாதீர்கள், நானே சொல்கிறேன். வேலை முடிந்த நிமிடம் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

போனில் மட்டும் பிரவுசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சுற்று வழி. குளச்சலில் வள்ளத்துக்குப் போகும் ஒரு தம்பி, கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை முன்னறிவிப்பு, கள்ளக்கடல் என்ற திடீர்க் கடல் பெருக்குக்கான எச்சரிக்கை எல்லாம் போன் குரோமில்தான் சேர்த்து வைத்திருந்தான். கம்ப்யூட்டர் கிடையாது. கடைக் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு புரொஃபைல் திறந்து அவன் கணக்கில் நுழைந்தோம். சிங்க் ஆனதும் 'மொபைல் புக்மார்க்ஸ்' ஃபோல்டரில் எல்லாம் வந்தது. ஃபைலாக எடுத்து, பயர்பாக்ஸில் போட்டு, அவனுக்கு ஒரு மொசில்லா கணக்கு தொடங்கி சிங்க் கொடுத்தோம். போனில் பயர்பாக்ஸ் போட்டு அதே கணக்கில் நுழைந்ததும் 'டெஸ்க்டாப் புக்மார்க்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் இறங்கிவிட்டது. கடைசியில் கடைக் கம்ப்யூட்டரில் இரண்டு பிரவுசரிலும் அவன் கணக்கை வெளியேற்றி, புரொஃபைலையும் அழித்தோம். பொதுக் கம்ப்யூட்டரில் செய்கிறவர்கள் இந்தக் கடைசி வேலையை மறந்துவிட்டு எழுந்து போகக் கூடாது.

மொசில்லா கணக்குக்கு ரெக்கவரி கீ என்று ஒன்று எடுத்து வைக்கச் சொல்லும். எடுத்து வையுங்கள். சிங்க் ஆகிற விவரங்கள் உங்கள் பாஸ்வேர்டை வைத்தே பூட்டப்படுகின்றன. பாஸ்வேர்டு மறந்து, கீயும் இல்லாமல் புதிதாக மாற்றினால் சர்வரில் இருப்பது போய்விடும்.

பழைய பிரவுசரை உடனே அழிக்க வேண்டாம். இரண்டு வாரம் இரண்டும் இருக்கட்டும், புதியதை டிஃபால்ட்டாக மட்டும் வையுங்கள். ஏதாவது ஒரு தளம் தகராறு செய்யும். எனக்கு ஒரு வங்கித் தளம் பயர்பாக்ஸில் ஓடிபி கேட்கும் இடத்தில் வெள்ளைத் திரையாக நின்றது. யூபிளாக்கை அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்தியதும் சரியாகிவிட்டது. தக்கலை அண்ணனுக்கு டிஜிட்டல் கையொப்பம் போடும் ஒரு தளம் என்ன செய்தும் ஓடவில்லை. அந்த ஒரு வேலைக்கு எட்ஜ் என்று வைத்துக்கொண்டார். அதில், பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைப் போலவே தளங்களைத் திறக்கும் எக்ஸ்ப்ளோரர் மோடு 2029 வரையாவது இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது, அதனால் அவருக்கு இப்போதைக்குக் கவலை இல்லை.

இரண்டு வாரம் கழித்து, பழைய பிரவுசரில் இடையில் ஏதாவது புதிதாகச் சேமித்தீர்களா என்று ஒருமுறை பாருங்கள். நானே மூன்று வைத்திருந்தேன், பழக்க தோஷம். அவற்றையும் மாற்றிவிட்டு, பயர்பாக்ஸ் லைப்ரரியிலிருந்து புதிதாக ஒரு எச்டிஎம்எல் ஃபைல் எடுத்து, பெயரில் தேதி போட்டு, அதே பென்டிரைவில் பழையதுக்குப் பக்கத்தில் வையுங்கள். மாமா தன்னுடையதை ஆதாரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.